வண்டியில் ஒரு படுக்கைதான்

அந்தப் படிவம் மேசையிலேயே இருக்கட்டும், சிஸ்டர். பேனா இருக்கிறது, கண்ணாடியும் மறக்காமல் எடுத்து வந்துவிட்டேன். ஆனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். ‘கடந்த இரண்டு வாரங்களில் உங்கள் இதயத்தை நினைத்து எத்தனை முறை பயந்தீர்கள்?’ இல்லவே இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும் என்று நாலு கட்டம். எதில் டிக் அடித்தாலும் பொய்யாகிவிடும் போலிருக்கிறது. அதனால் வாயால் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோஷ்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடம். ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போட்டவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் என் மனைவி இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்துவைப்பாள். வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்.

பதினாலு மாடி ஆழத்துக்குக் குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஒரு காலும் சுவர்க் கம்பியில் ஒரு காலுமாக நின்று, ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். பயந்ததில்லை. தைரியசாலி என்று சொல்லிக்கொள்ளவில்லை. பயப்படத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். போன வருடம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில், அதே கூண்டின் தலைமேல்தான் எனக்கு நெஞ்சுவலி வந்தது. யானை ஒன்று வந்து நிதானமாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீழே நின்ற எலக்ட்ரீஷியன்தான் என்னை இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தான். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பயம் என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இடதுபக்கம் சாய்ந்து படுத்தால் தலையணைக்குள் இருந்து என் இதயம் கேட்கும். லப், டப். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அதில் நான் தொங்கிக்கொண்டிருப்பேன். அடுத்தது வரும் என்று யார் உத்தரவாதம் தந்தார்கள்? லிஃப்டுக்காவது பாதுகாப்பு பிரேக் உண்டு. கயிறு அறுந்தாலும் கூண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உள்ளே அப்படி எதுவும் கிடையாதா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நான் நகைச்சுவை பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பல் தேய்க்கும்போது கை நின்றுவிடும், நாடியைப் பார்க்க வேண்டும் என்று. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டேன். என் மனைவி வெளியே நின்றுகொள்ள வேண்டும். நான் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் நின்றால் அவள், “என்னங்க?” என்பாள். நான், “ம்” என்பேன். திரும்பச் சத்தம் வரும். ஒரு குளியலுக்கு ஏழெட்டு ‘என்னங்க’, ஏழெட்டு ‘ம்’. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருட வேலை. முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். நான் கேட்கவில்லை, சிஸ்டர். அவள் செருப்பை மாட்டும்போதெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகுதான் இந்த ஆஸ்பத்திரியின் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்தேன். முதல் நாள் நீங்கள் நெஞ்சில் மூன்று வட்டம் ஒட்டி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று பார்த்தீர்கள். நூற்று எண்பது மீட்டர். நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கூடவே நடந்து வந்தீர்கள். “பயப்படாதீங்கய்யா, இது இதயத்தோட மூச்சு இல்ல, பயத்தோட மூச்சு” என்றீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

இந்த ஹால் எனக்குப் பிடித்துப்போனது. மானிட்டரில் என் இதயம் பச்சைக் கோடாக ஓடும். அதை உங்கள் கண் பார்த்துக்கொண்டிருக்கும். யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது நிற்காது என்று எனக்கு ஒரு எண்ணம். ஐந்தாவது வாரம் டிரெட்மில்லில் இருபது நிமிடம். எட்டாவது வாரம் முப்பது. பத்தாவது வாரம் நாற்பது நிமிடம், கொஞ்சம் ஏற்றத்தில். பேசிக்கொண்டே நடந்தேன். புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, “இவரைப் பாருங்க” என்றீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை.

முதலில் அது பொய்யாக இல்லை. இங்கே வராத பயம் வீட்டு வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். “இன்னைக்கு எவ்வளவு நடந்தீங்க?” என்று அவள் கேட்டாள். “பத்து நிமிஷம்” என்றேன். அவள் உடனே என் பையை வாங்கிக்கொண்டாள், தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். நாற்பது என்று சொல்லியிருந்தால் அந்தக் கை தோளில் இருந்திருக்காது. அந்தக் கை போனால் நான் என்ன ஆவேன்? நோய் குறைந்துகொண்டு வந்தது. குறைந்ததைச் சொல்லத்தான் பயம் கூடிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கமாகிவிட்டது. இரண்டு மாடியை ஒரே மூச்சில் ஏறிவிடுவேன். கடைசித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, நாலு தடவை பெரிதாக மூச்சு விடுவேன். உள்ளே கேட்கும். கதவு திறக்கும். அவள் ஓடிவந்து கைத்தாங்கலாக அழைத்துப் போவாள். ‘நோயாளி படி ஏறலாம், கடைக்குப் போகலாம், வீட்டு வேலை செய்யலாம்’ என்று குடும்பத்தாருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பழைய டூல்ஸ் பெட்டியில், கருவிகளுக்கு அடியில் வைத்தேன். கடைக்கு அவள்தான் போனாள். இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூன்று மாடி தூக்கி வந்ததும் அவள்தான். அவளுக்கு ஐம்பத்தாறு வயது.

பெண்களுக்கு மாரடைப்பு எப்படி வரும் என்று ஒரு நாள் வகுப்பு எடுத்தீர்கள். “சினிமால வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழ மாட்டாங்க. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், குமட்டும். காரணமே இல்லாம அசதியா இருக்கும், சில்லுனு வேர்க்கும். வாயுத் தொல்லை, பல் வலின்னு சொல்லிக்கிட்டு அடுப்படியில நின்னுட்டிருப்பாங்க. வீட்டுல போய்ச் சொல்லுங்கய்யா.” நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். துண்டுப் பிரசுரமும் கொடுத்தீர்கள். அதையும் டூல்ஸ் பெட்டியில்தான் வைத்தேன். காட்டினால் அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். பயந்துபோன ஆள் இன்னொரு ஆளை எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளைக்கு இரவு ஷிஃப்ட். அம்மா வந்து மூன்று மாதம் கூட இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், நியாயமான ஆசைதான். முதல் தடவை டிக்கெட் எடுத்தபோது, கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்கு நெஞ்சு அழுத்தியது. நிஜமாகவே அழுத்தியதா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது தடவை நிஜமில்லை என்று எனக்கே தெரியும்.

மூன்றாவது தடவை பாப்பாவுக்கு எட்டாம் மாதம். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “இந்தத் தடவை போறேங்க” என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். என் ஏழு மாத்திரைகளையும் மூன்று மாதத்துக்கும் டப்பாக்களில் பிரித்துப் போட்டு, கிழமை எழுதி ஒட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தின பத்து நாளும் அவள் சரியாக இல்லை. தண்ணீர் கேனை இரண்டாவது மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள். நான் மேலே இருந்து பார்த்தேன். நான் பொய்யாக நிற்கும் இடத்துக்கு ஒரு மாடி கீழே அவள் நிஜமாக நின்றாள். ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டே, “கீழ்த்தாடை என்னமோ இழுத்துப் பிடிக்குதுங்க” என்றாள்.

“சொத்தைப் பல்லா இருக்கும்.”

“பல்லு நல்லாத்தான் இருக்கு. முதுகும் கடுக்குது.”

“வேலை செஞ்ச அலுப்பு. கொஞ்சம் வெந்நீர் குடி.”

என் நோட்டு எதிர் அலமாரியில்தான் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளி இருந்தால் யாரை யார் பார்ப்பது என்று எனக்கு ஓடியது. அவள் படுத்தால், குளியலறைக்கு வெளியே நான் நிற்க வேண்டும். அவள் சத்தம் நின்றால் நான் ‘என்ன’ என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால்? அவளுக்கு வேறெதுவும் இல்லை, அலுப்புதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அவள் கிளம்ப வேண்டிய நாள். ரயில் காலை பத்தரைக்கு. எட்டு மணிக்கே பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டாள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. மேலுதட்டில் வியர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்திருந்தாள். “பயண டென்ஷன்” என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து செருப்பின் வாரை இழுத்துவிட்டாள்.

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், சிஸ்டர். ஒரு விரலால் தொட்டுக் காட்டக் கூடாது. உள்ளங்கையை முழுதாக வைக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வழக்கமாக ஓடி வருவாள், அன்று வரவில்லை. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருப்பாள் போல. முந்தின நாள் மத்தியானம் அவள் உங்களுக்குப் போன் செய்து, என்னைத் தனியே விட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். “அவரா? அவர் நாற்பது நிமிஷம் நடக்கிறாரேம்மா, தாராளமா போயிட்டு வாங்க” என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். துக்கம் விசாரிக்க வந்தபோது நீங்களே அதைச் சொல்லி அழுதீர்கள். ஆக, அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வைக்கு எனக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது.

தெரிந்தும் அவள் பெட்டியை உள்ளே நகர்த்தி வைத்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்று நினைத்திருப்பாள். நல்ல மனுஷி.

ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கீழே வந்ததும், “என் ஃபைல்” என்றேன். ஃபைல் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஒன்றும் தெரியாது இல்லையா? அவள் திரும்பி மூன்று மாடி ஏறினாள். வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இறங்கி வர ரொம்ப நேரம் ஆனது. வந்தபோது ஃபைலை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஒரு படுக்கைதான். அதில் நான் படுத்திருந்தேன், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு. பக்கவாட்டுப் பலகையில் அவள். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் கால் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கை தாடையில் இருந்தது. பதினெட்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அவசரப் பிரிவில் என்னைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு” என்றார். திரைக்கு அந்தப் பக்கம், பதிவு மேசையில், அவள் என் பெயர், வயது, மாத்திரைகள் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஏழு மாத்திரைகளின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாவது வரை சொன்னாள். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ, “அம்மா, அம்மா” என்றார்கள். ஓடும் காலடிகள்.

அப்போது நான் முதலில் பார்த்தது மானிட்டரை. அதிர்ச்சியில் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. எழுபத்தாறு. கொஞ்சம் கூடியிருந்தது, பயப்படும்படி இல்லை.

முக்கால் மணி நேரம் போராடினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு ஈசிஜி எடுத்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று அந்த இளம் டாக்டர் சொன்னார். “முன்னாடியே ஏதாவது வலின்னு சொன்னாங்களாய்யா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டிக்குள் நடந்ததை நான் சரியாகச் சொல்லவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன்.

பாதி வழியில், வண்டியில் இருந்த பையன், அந்த அட்டெண்டர், அவளைக் கவனித்தான். நல்ல பையன், வேலை தெரிந்தவன். “அம்மா, உங்களுக்கு ஏதும் பண்ணுதா? இப்படி வேர்க்குதே” என்றான். அவள், “பயந்துட்டேன்ப்பா, அவ்வளவுதான்” என்றாள். அவன் விடவில்லை. “கையைக் கொடுங்க, ஒரு நிமிஷம் பார்த்துடறேன்” என்று என்னைத் தாண்டி அவள் பக்கம் கையை நீட்டினான்.

அவன் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். வண்டியை ஓரம் கட்டி என்னை இறக்கி உட்காரவைத்துவிட்டு, அவளைப் படுக்கவைத்திருப்பான். மாஸ்க் அவள் முகத்துக்குப் போயிருக்கும். ஒயர் எல்லாம் அவளுக்குப் போயிருக்கும். அந்தப் பலகையில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்க்க ஒருவரும் இல்லாமல். அந்தக் குழியில் பதினாலு மாடி உயரத்தில் நின்றவன் நான்; அந்த ஒரு பலகையைப் பார்த்து நடுங்கினேன்.

அதனால் முனகினேன்.

சத்தமாகக்கூட இல்லை. ஒரு ‘ஆ’. அதோடு முதுகைக் கொஞ்சம் வளைத்தேன். அவன் கை பாதியில் நின்று, என் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை அவன் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளும்தான். “இதோ வந்துட்டோங்க, இதோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவளைக் கொன்றது நான்தான், சிஸ்டர். தாடை வலி என்று அவள் சொன்ன அன்றைக்கே தெரிந்துதான் செய்தேன். வேறு பெயர் வைக்க நிறைய முயற்சி செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். அவள் தெரிந்தேதான் அந்த வண்டியில் ஏறினாள். நான் நடிக்கிறேன் என்று தெரியும். பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையா?

நீங்கள் ஏன் தள்ளி உட்காருகிறீர்கள்? நான் என்ன செய்துவிடுவேன்? நான் ஒரு இதய நோயாளி.

போலீஸ் என்றாலும் சரி, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். முனகியதற்கு என்ன சட்டம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என் மனதில் இருந்த பாரம் இறங்கியது போலிருக்கிறது. நாடி பார்த்தேன், எழுபதுதான்.

பாப்பாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது உங்களுக்குத் தெரியுமே. இப்போது மூன்று மாதம். அப்பாவைத் தனியாக விட மனசு வரவில்லை என்று வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு இங்கேயே வந்துவிட்டாள். குழந்தையை ஒரு தோளிலும் கடைச் சாமானை ஒரு கையிலும் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறுகிறாள். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு ரத்தக் கொதிப்பு இன்னும் இறங்கவில்லை. குளியலறைக்கு வெளியே நின்று, “அப்பா?” என்கிறாள், நான், “ம்” என்கிறேன். அம்மா மாதிரியே குரல்.

என்னை அழைத்துப் போக இப்போது வருவாள். அவள் குரல்தான் என்று நினைக்கிறேன், வெளியே. மற்றதையெல்லாம் நீங்கள் சொல்ல நினைத்தால் சொல்லிக்கொள்ளுங்கள், சிஸ்டர். நான் எத்தனை நிமிடம் நடப்பேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.